யூரியாவுக்குச் சாதி இல்லை. அது போய்ச் சேரும் இடத்துக்கு உண்டு

(வத்திராயிருப்புப் பகுதி இளைஞர்களின் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சூழலியல் பற்றிப் பேசுங்கள் அக்கா என்று தம்பிகள் கேட்டபோது எனக்கு அதிக யோசனை தேவைப்படவில்லை. இந்த இடத்திலிருந்து பார்த்தால் மேற்கே மலை தெரிகிறது. மலையடியில் பிளவக்கல். பெரியாறு அணை, கோவிலாறு அணை என்று இரண்டு அணைகள். 2025-இல் கூமாபட்டி ரீல்ஸ் தமிழ்நாடு முழுக்க ஓடியது உங்களுக்கு நினைவிருக்கும். அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் மலையையும் தென்னந்தோப்பையும் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று வியந்தார்கள். உண்மைதான், தெளிவான தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் அணையை விட்டு இறங்கிய பிறகு அதில் கண்ணுக்குத் தெரியாமல் கலக்கும் ஒன்றைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அதன் பெயர் நைட்ரஜன்.

ஓர் ஆட்டின் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

நான் ஏழாவது படித்தபோது எங்கள் வீட்டில் ஒரு சினை வெள்ளாடு இருந்தது. எங்களுக்கு நிலம் கிடையாது. அப்பா உரம் போடுகிற வேலைக்கும் மருந்தடிக்கிற வேலைக்கும் போவார், அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போவாள். நிலம் இல்லாதவர்களுக்கு ஆடுதான் வங்கி. பள்ளிக்கூடச் செலவு, ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் அந்த ஆட்டின் மேல்தான் எழுதி வைத்திருந்தோம். ஒருநாள் மத்தியானம் அப்பா வேலை பார்த்த வயலோரத்தில், யூரியா கரைத்து வைத்திருந்த அண்டாவில் ஆடு வாய் வைத்துவிட்டது. நல்ல தாகம், வயிறு முட்டக் குடித்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. வயிறு உப்பிக்கொண்டது. அம்மா புளியைக் கரைத்து ஊற்றினாள். பொழுது சாய்வதற்குள் ஆடு செத்துப்போனது.

வயல்காரரிடம் அப்பா போய் நின்றார். "வயக்காட்டுக்கு உன் ஆடு எதுக்குடா வந்துச்சு?" என்று கேட்டார் அவர். அப்பாவை விட அவருக்குப் பத்து வயது குறைவு. ஆடு மேய்ந்துகொண்டிருந்த புறம்போக்கைச் சுற்றி முள்வேலி போட்டு அப்போது ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. வேலி போட்டது யார் என்று அப்பா கேட்கவில்லை. அந்த வாரம் தனக்கு வர வேண்டிய கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார்.

வேதியியல் படிக்கப் போன பிறகுதான் அந்த ஆடு ஏன் செத்தது என்று எனக்குப் புரிந்தது. ஆடுமாடுகளின் முதல் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவை யூரியாவைச் சட்டென்று அம்மோனியாவாக உடைத்துவிடும். அளவாக உடைந்தால் அது உணவு. ஒரேயடியாக உடைந்தால் ரத்தத்தில் ஏறும் நஞ்சு. கால்நடை மருத்துவர்கள் இதற்கு வினிகர் கொடுப்பார்கள், அமிலம் அந்த வேகத்தைக் குறைக்கும். அம்மா ஊற்றிய புளித்தண்ணியும் அமிலம்தான். எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா சரியான மருந்தைத்தான் ஊற்றியிருக்கிறாள். குடித்த அளவுதான் மிஞ்சிவிட்டது.

அளவுக்கு மிஞ்சினால் என்று ஒரு பழமொழி நம்மிடம் உண்டு. அதில் ஒரு கேள்வி விடுபட்டுப் போகிறது. யாருடைய அளவு? மிஞ்சுவது யாருக்கு? இன்றைய பேச்சு அந்தக் கேள்வியைப் பற்றியது.

தோழர்களே, நாம் மூச்சுவிடும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். ஆனால் அதைப் பயிரால் நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. அவரை, துவரை, உளுந்து மாதிரியான பயிர்களின் வேரில் வாழும் நுண்ணுயிர்களால் முடியும், மின்னலால் கொஞ்சம் முடியும். உலகம் தோன்றியதிலிருந்து பயிரும் விலங்கும் அந்தக் குறுகிய வாசல் வழியாகத்தான் வளர்ந்தன. 1909-இல் ஃபிரிட்ஸ் ஹேபர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் காற்றிலிருந்து அம்மோனியா செய்து காட்டினார். கார்ல் போஷ் அதை ஆலை அளவுக்குப் பெரிதாக்கினார். 1913-இல் முதல் ஆலை ஓடத் தொடங்கியது. இன்று உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் சோறு அந்தக் கண்டுபிடிப்பை நம்பி இருக்கிறது. அதே அம்மோனியாவிலிருந்து வெடிமருந்தும் செய்தார்கள், முதல் உலகப்போர் அதில் நீண்டது. நமக்குப் பக்கத்தில் சிவகாசிப் பட்டாசுக்குள் இருக்கும் வெடியுப்பும் நைட்ரேட்தான். உரமும் வெடியும் ஒரே குடும்பம்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஒரு மூட்டை யூரியா 45 கிலோ. அதில் 46 விழுக்காடு நைட்ரஜன். அதாவது மூட்டைக்கு ஏறத்தாழ 20 கிலோ. நெல் வயலில் போடும் நைட்ரஜனில் பயிர் எடுத்துக்கொள்வது மூன்றில் ஒரு பங்கு, நன்றாகப் பார்த்துச் செய்தால் பாதி. மிச்சம் பத்துக் கிலோவுக்கு மேல் எங்கே போகிறது?

கொஞ்சம் அம்மோனியாவாகக் காற்றில் போகிறது. கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாகப் போகிறது. அது கரியமில வாயுவைப் போல 270 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும் வாயு. மீதி மண்ணில் நைட்ரேட்டாக மாறுகிறது. நைட்ரேட்டுக்கு எதிர்மின்னூட்டம், களிமண்ணுக்கும் எதிர்மின்னூட்டம். அதனால் மண் அதைப் பிடித்து வைக்காது, தண்ணீர் போகிற பக்கமெல்லாம் அதுவும் போகும். கீழே இறங்கினால் கிணற்றுக்கு, பக்கவாட்டில் போனால் வாய்க்காலுக்கு, கண்மாய்க்கு, ஆற்றுக்கு, கடலுக்கு.

தண்ணீர் போகிற வழி எது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிளவக்கல்லில் இருந்து கண்மாய் கண்மாயாக நிரம்பி, மிஞ்சியது அர்ச்சுனா நதிக்குப் போகிறது. சிவகாசிப் பக்கத்தைக் கடந்து இருக்கன்குடியில் வைப்பாற்றோடு சேர்கிறது. மாரியம்மன் கோயிலுக்குப் போனவர்கள் அந்த இடத்தைப் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து விளாத்திகுளத்தைத் தாண்டி, சிப்பிகுளத்துக்குப் பக்கத்தில் மன்னார் வளைகுடா. வருஷம் முழுவதும் ஓடுகிற ஆறு இல்லை இது. ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் வந்தால் உண்டு. அதனால்தான் சிக்கல். பல மாதங்களாக வயலிலும் சாக்கடையிலும் கண்மாய்ச் சேற்றிலும் சேர்ந்திருப்பதை முதல் வெள்ளம் மொத்தமாக வாரிக்கொண்டு போகிறது.

வழியில் அது செய்யும் வேலையைக் கண்மாயில் பார்க்கலாம். பச்சைப் பாசி. ஆகாயத்தாமரை. கரையிலிருந்து கரைக்கு நடந்து போய்விடலாம் போல மூடிக்கிடக்கும். மேலே பச்சை, கீழே இருட்டு. செடி அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். கண்மாயில் மீன்பாசி ஏலம் எடுக்கிறவர் ஒரு ஆள், அழுகிய தண்ணீரில் இறங்கித் தாமரையை அள்ளிப் போடுகிறவர் வேறு ஆள். அவர் எந்தத் தெருக்காரர் என்று உங்களுக்கே தெரியும்.

ஆறு கடலைத் தொடும் இடத்துக்குப் போவோம். அங்கே அலை ஏறி இறங்கும் உவர்ச்சேற்று நிலங்கள் இருக்கின்றன. உப்புச் சதுப்பு என்று சொல்லலாம். குட்டையாக, தண்டு தடித்து, வெயிலில் செவந்துகிடக்கும் உமரிச் செடிகள். ஊடே நண்டு வளைகள், இறால் குஞ்சுகள், வலசை வரும் பறவைகள். வருவாய்த்துறைப் பதிவேட்டில் இந்த மாதிரி நிலத்துக்குத் தரிசு என்றும் புறம்போக்கு என்றும் பெயர். வரி கட்டாத நிலம் வீண் நிலம் என்பது வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கு. பட்டா இல்லாத நிலத்துக்கு மதிப்பில்லை என்று சொல்கிற அதே நாக்குத்தான் பட்டா இல்லாத மனிதருக்கும் மதிப்பில்லை என்று சொல்கிறது.

ஆனால் அந்த "வீண் நிலம்" செய்கிற வேலை என்ன தெரியுமா? ஆற்றில் வரும் நைட்ரேட்டைப் பிடித்து, காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் வழியாக மறுபடியும் சாதாரண நைட்ரஜனாக்கிக் காற்றுக்கே அனுப்பிவிடும். ஹேபர் திறந்த வாசலை மூடுகிற வேலை. ஊருக்கெல்லாம் கழிவு அகற்றும் வேலை. கழிவகற்றும் வேலையைச் செய்கிறவர்களை இந்த நாடு எப்படி நடத்துகிறதோ, அப்படியேதான் கழிவகற்றும் நிலத்தையும் நடத்துகிறது. வேலையை வாங்கிக்கொள்ளும், பெயரைக் கெடுக்கும், இடத்தைப் பறிக்கும்.

அந்த வேலைக்கும் ஓர் எல்லை உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிளம் தீவு என்று ஓர் இடம். அங்கே லிண்டா டீகன் என்ற சூழலியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் ஒன்பது ஆண்டுகள் ஒரு சோதனை செய்தார்கள். உப்புச் சதுப்பில் ஓடும் சில ஓடைகளில் மட்டும், அலை ஏறும்போது நைட்ரேட்டைக் கலந்துவிட்டார்கள். மாசுபட்ட கழிமுகங்களில் எவ்வளவு இருக்குமோ அந்த அளவுக்குத்தான். பக்கத்து ஓடைகளை அப்படியே விட்டுவிட்டார்கள். முதலில் என்ன நடந்தது? ஓடையோரப் புல் நல்ல பச்சையாக, உயரமாக வளர்ந்தது. பார்ப்பவர்கள் செழிப்பு என்றுதான் சொல்வார்கள். ஆனால் உணவு சும்மா கிடைக்கிறது என்றவுடன் புல் வேர் விடுவதைக் குறைத்துவிட்டது. தேட வேண்டிய அவசியம் இல்லாத வேர் எதற்கு? மண்ணுக்குள் இருந்த நுண்ணுயிர்களோ நைட்ரேட்டைக் கொண்டு, பழைய வேர்களும் மக்கும் சேர்ந்த மண்ணைத் தின்னத் தொடங்கின. தலை கனத்தது, கால் மெலிந்தது. சில ஆண்டுகளில் கரைகள் விரிசல் விட்டன, பெயர்ந்து ஓடைக்குள் சரிந்தன. புல் இருந்த இடம் சேறாகிவிட்டது. 2012-இல் நேச்சர் இதழில் இந்த முடிவுகள் வெளிவந்தன. கடலிலிருந்து நிலத்தைக் காக்கும் சதுப்பு, கடல் மட்டம் உயர்ந்து மட்டும் அழிவதில்லை, நிலத்திலிருந்து வரும் நைட்ரஜனாலும் அழியும் என்பதை அது காட்டியது.

நம் கரை வேறு, அந்தக் கரை வேறு. அங்கே குளிர், உயரமான புல், ஆழமான கரிமண். இங்கே வெயில், உமரி, கூடுதலான உப்பு. ஆனால் வேர்ப்பாடம் எல்லாருக்கும் பொது. மேலே தெரிகிற பச்சையை மட்டும் பார்த்து வளர்ச்சி என்று சொல்லக்கூடாது. வேர் என்ன ஆச்சு என்று குனிந்து பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போதும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சதுப்புக்கு அப்பால் கடல். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள், கடற்புல் படுகைகள். 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். தண்ணீரில் சத்து கூடினால் மிதவைப் பாசிகள் பெருகி வெளிச்சத்தை மறைக்கும். வெளிச்சம் இல்லாவிட்டால் கடற்புல் சாகும், கடற்புல்லைத் தின்று வாழும் கடல்பசுவும் போய்விடும். 2019 செப்டம்பரில் மண்டபம் பக்கம் கடல் பச்சையாக மாறியது. நாக்டிலுக்கா என்ற நுண்ணுயிர் பெருகியதால் வந்த பச்சை. கரையில் மீன்கள் செத்து ஒதுங்கின. சிங்கிலித் தீவுப் பக்கம் ஆக்சிஜன் இல்லாமல் பவளங்கள் செத்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். இப்படிப்பட்ட பெருக்கத்துக்குக் காற்று, நீரோட்டம், வெப்பம் என்று பல காரணங்கள் சேர வேண்டும். ஆனால் தீனி இல்லாமல் எதுவும் பெருகாது. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆறு சோள வயல்களின் நைட்ரஜனைக் கொண்டுபோய்க் கொட்டுவதால் மெக்சிகோ வளைகுடாவில் ஒவ்வொரு கோடையிலும் ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் கடல் மூச்சுமுட்டிக் கிடக்கிறது.

இது ஏதோ மீனுக்கும் பவளத்துக்கும் மட்டுமான பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். இதே தமிழ்நாட்டில் உவர்நிலமும் சாதியும் நேருக்கு நேர் மோதிய கதை ஒன்று உண்டு.

1968 டிசம்பர் 25. கீழவெண்மணியில் 44 தலித் உயிர்கள் எரிக்கப்பட்டன. கூலி கேட்டதற்காக. அதன் பிறகு கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் அந்தப் பகுதியிலேயே தங்கி, நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்கும் வேலையைத் தொடங்கினார்கள். 1981-இல் அதற்காக லாஃப்டி என்ற அமைப்பை உருவாக்கினார்கள். 1990-களில் அதே நாகப்பட்டினம் கரையோரம் இறால் பண்ணைகள் வந்தன. கம்பெனிகள் வயல்களை வாங்கிக் கடல் தண்ணீரை ஏற்றின. மீந்துபோன தீனியும் இறால் கழிவும் கலந்த தண்ணீரை வாய்க்காலில் விட்டன. அந்தத் தண்ணீரில் இருப்பதும் நைட்ரஜன்தான். குடிநீர் உப்பாகியது. நடவு வேலை போனது. இறால் பண்ணைக்கு ஒரு காவல்காரர் போதும், நூறு பெண்கள் நாற்று நட வேண்டியதில்லை. முதலில் எழுந்து நின்றது நிலமற்ற பெண்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1996 டிசம்பர் 11-ஆம் தேதி, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணைகள் கூடாது என்றும், கெடுத்தவர்களே இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றும் தீர்ப்பு வந்தது. 2005-இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் கொண்டுவந்து அந்தத் தடையின் பல்லைப் பிடுங்கியது. ஆனாலும் அந்தப் போராட்டத்தை நாம் மறக்கக்கூடாது. சுற்றுச்சூழல் என்பது வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால், நாகப்பட்டினத்துப் பெண்களை நினைவுபடுத்துங்கள்.

சரி, யூரியாவை ஒழித்துவிட்டு இயற்கை விவசாயத்துக்குத் திரும்பிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். கூட்டங்களில் இதைச் சொன்னால் நன்றாகக் கைதட்டுவார்கள். நான் கைதட்ட மாட்டேன்.

யூரியா வருவதற்கு முன்னால் வயலுக்கு நைட்ரஜன் எப்படிப் போனது? சாணம், ஆட்டுக்கிடை, தழை உரம், ஊர்க்குப்பை, பல இடங்களில் மலம். இதையெல்லாம் கூடை கூடையாகத் தலையில் சுமந்தது யார்? ஒரு வளர்ந்த ஆள் ஓராண்டில் மலத்திலும் சிறுநீரிலும் வெளியேற்றும் நைட்ரஜன் நான்கைந்து கிலோ இருக்கும். ஒரு மூட்டை யூரியாவில் இருப்பது நாலைந்து பேருடைய ஓராண்டுக் கழிவுக்குச் சமம். அந்த நைட்ரஜன் சுழற்சியை மனிதத் தலைகள்தான் சுற்றிக்கொண்டிருந்தன. அந்தத் தலைகளுக்குச் சாதி ஒதுக்கப்பட்டிருந்தது. என் தாத்தா பண்ணையில் எருக்கூடை சுமந்தவர். யூரியா மூட்டை வந்தபோது அவர் தலையிலிருந்து ஒரு சுமை இறங்கியது. பழைய கிராமம் பொன்னான கிராமம் என்று யாராவது பாடினால், அந்தப் பாட்டில் எருக்கூடை யார் தலையில் இருக்கிறது என்று கேளுங்கள். பசுவைக் கும்பிட்டுக்கொண்டே சாணம் அள்ளுகிறவரைத் தீண்டாதவர்களின் "இயற்கை" நமக்கு வேண்டாம்.

இன்னொரு பாடம் பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. 2021-இல் இலங்கை அரசு ஒரே உத்தரவில் ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. விவசாயிகளிடம் கேட்கவில்லை, மாற்று ஏற்பாடும் இல்லை. நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலை சரிந்தது. சில மாதங்களில் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். தேயிலை குறைந்தால் முதலில் குறைவது மலையகத் தமிழ்ப் பெண்கள் பறிக்கும் கிலோக் கணக்கு, அதோடு அவர்களுடைய நாள் சம்பளம். நெதர்லாந்திலும் 2019-இல் நீதிமன்றம் நைட்ரஜன் அனுமதிகளில் தலையிட்ட பிறகு விவசாயிகள் டிராக்டர்களோடு நெடுஞ்சாலைக்கு வந்தார்கள். நைட்ரஜனைக் குறைத்தாக வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தெற்காசிய நாடுகள் உட்படப் பல நாடுகள் கூடி, வீணாகும் நைட்ரஜனை 2030-க்குள் பாதியாகக் குறைப்போம் என்று 2019-இல் கொழும்புப் பிரகடனம் வெளியிட்டதும் இதே இலங்கையில்தான். எதைக் குறைப்பது என்பது அறிவியல். யார் செலவில் குறைப்பது என்பது அரசியல். இரண்டையும் சேர்த்துப் பேசுவதுதான் நம்முடைய வேலை.

இப்போது நம் குடத்துக்கு வருகிறேன்.

குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தரநிலை. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, தமிழ்நாட்டில் சோதித்த மாதிரிகளில் 37 விழுக்காட்டுக்கும் மேல் அந்த அளவைத் தாண்டியிருந்தன. நாட்டிலேயே அதிகமாகத் தாண்டிய மாநிலங்களில் நாமும் ஒன்று. கைக்குழந்தைக்குப் புட்டிப்பாலை அந்தத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கும், குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். 1945-இல் அமெரிக்காவின் அயோவாவில் ஒரு மருத்துவர் கிணற்றுத் தண்ணீர் குடித்த குழந்தைகளிடம் இதைக் கண்டுபிடித்து எழுதினார்.

நைட்ரேட்டுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, ருசி இல்லை. காய்ச்சினால் போகாது, தண்ணீர் ஆவியாகி அதன் அடர்த்திதான் கூடும். துணியில் வடிகட்டினாலும் போகாது. ஆர்.ஓ. இயந்திரம் வைத்தால் போகும். அல்லது கேன் தண்ணீர் வாங்கலாம். வாங்க முடியாதவர்கள் அடிபம்பைத்தான் அடிக்க வேண்டும். அந்த அடிபம்பு எங்கே இருக்கிறது? ஊர் மேட்டில், சேரி பள்ளத்தில். ஊர்ச் சாக்கடை வடியும் பக்கம், வயல் தண்ணீர் கசியும் பக்கம், மலக்குழி லாரி இரவோடு இரவாகக் கொட்டிவிட்டுப் போகும் பக்கம். யூரியா யார் வயலில் விழுந்தாலும் தண்ணீர் பள்ளத்துக்குத்தான் வரும். தண்ணீருக்குச் சாதி தெரியாது. பள்ளத்தில் யாரைக் குடிவைப்பது என்று முடிவு செய்தவர்களுக்குத் தெரியும்.

2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தபோது நாடே கொதித்தது. கொதிக்க வேண்டியதுதான். அங்கே கண் பார்த்தது, மூக்கு அறிந்தது. கண்ணுக்குத் தெரியாமல், ஒரே நாளில் இல்லாமல், முப்பது நாற்பது வருஷமாகச் சொட்டுச் சொட்டாகக் கலந்தால் அதற்கு யார் மீது வழக்குப் போடுவது? நான் இரண்டையும் ஒன்று என்று சொல்லவில்லை. அது வன்மம், இது அலட்சியம். ஆனால் எந்தத் தெருவின் தண்ணீரைப் பற்றி அலட்சியமாக இருக்கலாம் என்பதும் சாதி கற்றுக்கொடுத்த பாடம்தான்.

உழைப்புப் பக்கமும் அப்படித்தான். யூரியாவுக்கு அரசு பெரிய மானியம் கொடுக்கிறது. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. 50 கிலோ டி.ஏ.பி. மூட்டை 1,350 ரூபாய். எது மலிவோ அதைத்தான் அள்ளிப் போடுவார்கள், இலையும் சீக்கிரம் கறுப்பதால் மனசும் நிறைகிறது. அந்த மானியம் நிலம் வைத்திருப்பவருக்குப் போகிறது. 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டு மக்கள்தொகையில் நாம் 20 விழுக்காடு. சாகுபடி நிலத்தில் நம் பங்கு அதில் பாதியைக்கூட எட்டாது. 1892-இல் பிரிட்டிஷ் அரசு ஒதுக்கிய 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம் எங்கே போனது என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். மண்வள அட்டை வந்ததே, அதுவும் நிலத்துக்காரர் பெயரில்தான். உரத்தைக் கையில் அள்ளி வீசுகிறவர் அந்த அட்டையைப் பார்த்ததே இல்லை. எவ்வளவு போட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டிய கைக்கு அந்தத் தகவல் வருவதில்லை. என் அப்பாவின் உள்ளங்கை வருஷம் முழுவதும் வெடித்துக் கிடக்கும். இரவில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார். கையுறை என்ற பொருளை அவர் ஆஸ்பத்திரியில்தான் முதலில் பார்த்தார்.

பாபாசாகேப் 1927 மார்ச் 20-ஆம் தேதி மகாத் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். தண்ணீரைத் தொடும் உரிமைக்கான போர் அது. 1940-களில் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்தபோது தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்தில் அவர் ஒரு விஷயத்தை வலியுறுத்தினார். ஆற்றைத் துண்டு துண்டாகப் பார்க்கக் கூடாது, பள்ளத்தாக்கு முழுவதையும் ஒன்றாகப் பார்த்துத் திட்டமிட வேண்டும் என்றார். இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். தொடும் உரிமை போதாது, தொட்ட தண்ணீர் எங்கிருந்து என்னவெல்லாம் சுமந்து வருகிறது என்று கேட்கும் உரிமையும் வேண்டும். பிளவக்கல்லில் இருந்து சிப்பிகுளம் வரை ஒரே ஆறு. மேலே களையெடுக்கிற பெண்ணும் கீழே உப்பளத்தில் வேலை செய்கிற பெண்ணும் ஒரே தண்ணீரின் இரண்டு முனைகளில் நிற்கிறார்கள்.

என்ன செய்யலாம்? நாளைக்கே செய்யக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, தண்ணீரைச் சோதியுங்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சோதனைப் பெட்டி தர வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் ஊரில் அந்த ஐந்து பேர் யார், பெட்டி யார் வீட்டில் இருக்கிறது, நம் தெரு அடிபம்பைச் சோதித்தார்களா என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு கிராமசபை. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். நைட்ரேட் அளவைத் தெருவாரியாக எழுதிப் பலகையில் ஒட்டச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். நோட்டீஸ் போர்டில் எண் ஏறிவிட்டால் அப்புறம் யாரும் பொத்தாம்பொதுவாக மழுப்ப முடியாது.

இரண்டாவது, உரம் போடும் அறிவைத் தொழிலாளியிடம் கொண்டுவருவோம். நெல்லுக்கு இலை வண்ண அட்டை என்று ஒன்று உண்டு. இலையின் பச்சையை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து, தேவைப்படும்போது மட்டும், பிரித்துப் பிரித்து யூரியா போடலாம். அதைப் பயன்படுத்தப் பெரிய படிப்பு வேண்டாம். வேளாண்மைத் துறைப் பயிற்சிக்கு நிலத்துக்காரரை மட்டும் கூப்பிடாதே, விவசாயக் கூலிகளையும் கூலியோடு கூப்பிடு என்று கேட்போம். கையுறையும் சேர்த்துக் கேட்போம்.

மூன்றாவது, மலக்கழிவு. அதில் இருக்கும் நைட்ரஜனைப் பயிருக்குக் கொண்டுபோவது நல்லதுதான், ஆனால் எந்திரமும் சுத்திகரிப்பு நிலையமும்தான் அதைச் செய்ய வேண்டும். மனிதத் தலையும் கையும் இனி ஒருபோதும் கூடாது. 2013-இலேயே சட்டம் வந்துவிட்டது. மலக்குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடு என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இழப்பீடு வாங்குவதற்காக நாம் பிறக்கவில்லை. கழிவைச் சுமக்கும் மனிதர் இல்லாத ஒரு நைட்ரஜன் சுழற்சி, அதுதான் நம்முடைய இயற்கை விவசாயம்.

நான்காவது, புறம்போக்கு. கண்மாய்க் கரை, மேய்ச்சல் நிலம், ஓடை ஓரம், கடற்கரை உவர்நிலம், எல்லாம் நைட்ரஜனைப் பிடித்து வைக்கும் வடிகட்டிகள். ஆக்கிரமிப்பு அகற்றம் என்று வரும்போது முதலில் இடிபடுவது நம் குடிசை, கடைசி வரைக்கும் நிற்பது அவர்கள் தோப்பின் வேலி. அந்த வரிசையை மாற்றச் சொல்லிக் கேட்போம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பாவிடம் அந்த ஆட்டைப் பற்றிக் கேட்டேன். யூரியா ஏன் ஆட்டைக் கொல்கிறது என்று படம் வரைந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒன்று சொன்னார்: "அண்டாவை மூடி வெக்கணும்னு எனக்குத் தெரியும் தாயி. மூடுறதுக்கு ஒரு சாக்கு கேட்டேன். தரல."

ஆட்டுக்காக அல்ல, அந்தச் சாக்குக்காகத்தான் நான் இன்று இவ்வளவு நேரம் பேசினேன்.